ரைஸ் சித்திரமும் 1880ஆம் ஆண்டுக் கடிதமும்

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் பால்யத் தோற்றமென்று ஒரு சாராரும், பெயர் மாறி வழங்கும் வேறொரு சிறுமியின் தோற்றமென்று மறு சாராரும் நெடுங்காலமாக வாதித்துவரும் ‘ரைஸ் சித்திரம்’ பற்றிய ஆராய்ச்சியில், மறுப்போர் தரப்பில் ஒரு நியாயம் ஏறக்குறைய விவாதமின்றியே நிலைபெற்றுவிட்டது. சித்திரத்தின் பூர்வ வரலாற்றுக்குப் பிரமாணமாகக் காட்டப்படும் 1880ஆம் ஆண்டுக் கடிதம் ஓவியரின் பெயரைப் பிழைபடச் சொல்கிறது. ஓவியர் பெயரில் பிழைத்த சாட்சி, சித்திரத்தில் உள்ளவரின் பெயரிலும் பிழைத்திருக்கக்கூடும். ஆதலின் கடிதத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, சிறுமி அணிந்துள்ள ஆடையையும் வர்ணம் தீட்டப்பெற்ற துணியையும் மட்டுமே விசாரித்து நிர்ணயம் செய்ய வேண்டும் என்பது அந்த நியாயத்தின் சுருக்கம். இதன் முதற்படியை நானும் ஒப்புக்கொள்கிறேன். முதற்படியிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழி உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தைக் கூறுபடுத்தாமல், முழுதும் கொள்வது அல்லது முழுதும் தள்ளுவது என்ற முறையில் இரு சாராருமே கையாண்டிருப்பதால், அதிலுள்ள மிக வலிய வாசகம் இதுவரை உரிய மதிப்பைப் பெறாமலே இருந்துவருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கடிதத்தை எழுதியவர் ஆக்ஸ்போர்டு மாட்லின் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் தாமஸ் ஹார்டிங் நியூமன். எழுதப்பெற்றவர் அதே கல்லூரியின் வரலாற்றையும் அதன் மாணாக்கர் பதிவேட்டையும் ஆயுள் முழுதும் தொகுத்துவந்த டாக்டர் பிளாக்ஸம். பெயரும் உறவும் காலமும் பிறழாமல் எழுதிப் பழகிய அத்தகைய ஒருவருக்கு எழுதும்போது ஒருவர் கொள்ளும் கவனம் எத்தகையது என்பதும் சாட்சியத்தின் மதிப்பைச் சார்ந்ததே. தம்மிடமுள்ள மற்றொரு சித்திரம் பிளாக்ஸமின் அண்டை ஊரில் வசிக்கும் மார்லண்ட் ரைஸ் என்பவரைச் சேர வேண்டுமென்று தாம் விரும்புவதாகவும், அது நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் சித்திரமென்றும், தீட்டியவர் சொஃபனி என்றும், கென்ட் பிரதேசத்துக் கிப்பிங்டன் மாளிகையின் கர்னல் ஆஸ்டின் தமது சிற்றன்னையாருக்கு, அந்த அம்மையார் ஆஸ்டினின் நூல்களின்மேல் வைத்திருந்த அளவிறந்த மதிப்பை முன்னிட்டு, நட்புரிமையால் அதை அளித்தாரென்றும் நியூமன் தெரிவிக்கிறார். 1882இல் நியூமன் காலமான பிறகு சித்திரம் ரைஸிடம் வந்தது. ரைஸ், ஜேனின் தமையன் எட்வர்டின் மகள் வயிற்றுப் பேரர். அவருக்கு அதைத் தர விரும்பியதன் காரணம் அந்த உறவுமுறையே. 1884இல் பிரபோர்ன் பிரபு வெளியிட்ட ஜேன் ஆஸ்டின் கடிதத் தொகுதியின் முகப்பில் அது அச்சேறிய நாள்தொட்டு, உலகம் அதைச் சொஃபனியின் கைவண்ணமென்றே கொண்டாடிற்று.

நம் உரையாசிரியர் ஒரு சூத்திரத்தைக் கண்ணழித்துச் சொல்தோறும் பொருள் நிறுத்துவது போல, இக்கடிதத்தையும் கண்ணழித்துப் பார்ப்போமாயின் நான்கு கூற்றுக்கள் தனித்தனியே நிற்கும்: சித்திரத்தில் உள்ளவர் இன்னார், தீட்டியவர் இன்னார், கொடுத்தவர் இன்னார், கொடுத்த காரணம் இன்னது. ஒரே கையெழுத்தில் ஒரே வாக்கியத் தொடரில் வருகின்றன என்பதைத் தவிர, இந்நான்கும் ஒரே வகை அறிவிலிருந்து பிறந்தவை என்று எண்ணுவதற்கு எவ்வித முகாந்திரமும் இல்லை.

தீட்டியவரைப் பற்றிய கூற்றை முதலில் முடித்துவிடலாம். அது பிழை என்பதில் இன்று எவருக்கும் சந்தேகமில்லை. ஜேன் 1775 டிசம்பரில் பிறந்தவர். சித்திரத்தை ஆதரிப்போர் அதற்குக் கற்பிக்கும் காலமான 1788இல் அவருக்குப் பன்னிரண்டு பிராயம். சொஃபனியோ 1783இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, கல்கத்தாவிலும் லட்சுமணபுரி நவாபின் சபையிலும் சித்திரங்கள் தீட்டி, 1789இல்தான் இங்கிலாந்து திரும்பினார். கங்கைக் கரையில் இருந்தவர் கென்டில் ஒரு சிறுமியை எதிரில் நிறுத்திச் சித்திரம் எழுதியிருக்க வழியில்லை. ஆனால் இந்தப் பிழை எத்தகையது என்பதே கேள்வி. பழங்குடும்பங்களில் கைமாறி வரும் சித்திரங்களுக்கு, தீட்டியவர் பெயர் மறதியில் மங்கிய பிறகு, அக்காலத்து ஓவியருள் பெரும்பெயர் பெற்ற ஒருவரின் பெயர் தானே வந்து ஒட்டிக்கொள்வது வழக்கம். சித்திரத்தைப் பெற்ற அம்மையாரோ, அதைப் பார்த்து வளர்ந்த மகனோ, அது தீட்டப்படுவதைக் கண்டவர்கள் அல்லர்; அவ்வகையில் சொஃபனி என்பது கேள்விச் செய்தி அல்லது அனுமானம். கொடுத்தவர் யார் என்பது அங்ஙனமன்று. அது அவ்வீட்டில், அவ்வம்மையாரின் கையில் நிகழ்ந்த சம்பவம். தூரத்து விஷயத்தில் பிழைத்தவர் வீட்டு விஷயத்திலும் பிழைப்பார் என்று விதி செய்வோமானால், சரித்திரத்தில் சாட்சி என்று எஞ்சுவார் ஒருவரும் இரார்.

கொடுத்தவர் யார்? ஜேனின் பாட்டனார் வில்லியம் ஆஸ்டினுக்கு மூத்தவர், செவனோக்ஸில் வக்கீல் தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய பிரான்சிஸ் ஆஸ்டின். வில்லியம் 1737இல் இறந்தபோது அநாதைகளாக விடப்பட்ட குழந்தைகளின் மேல் கண் வைத்தவர் அவரே. ஜேனின் தகப்பனார் ஜார்ஜைப் படிக்க வைத்ததும், பின்னாளில் டீன் என்னும் ஊரின் திருச்சபைப் பதவியை அவருக்காக விலைகொடுத்து வாங்கியதும் அந்தப் பெரிய பாட்டனார்தான். (ஜார்ஜின் தமக்கை பிலடெல்பியா நம் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறி வந்து, 1753இல் கடலூரில், புனித டேவிட் கோட்டை வைத்தியர் ஹான்காக்கை மணந்தாள் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்வதில் தவறில்லை, அந்த ஹான்காக்கின் இங்கிலாந்து விவகாரங்களைக் கவனித்தவரும் இதே பிரான்சிஸ்.) பிரான்சிஸ் 1791இல் மறைந்தார், அவர் மகன் பிரான்சிஸ் மோட்லி ஆஸ்டின் கிப்பிங்டன் மாளிகையை உடைமையாக்கிக்கொண்டு 1815இல் மறைந்தார், அவர் மகன் கர்னல் தாமஸ் ஆஸ்டின் அதை அடைந்து 1859 வரை ஜீவித்திருந்தார். இம்மூவர் வழியாகச் சித்திரம் இறங்கி வந்தது என்பது அனுமானமே. எனினும், தலைமுறை தோறும் மூத்த கிளையில் வீட்டுப் பொருள் தங்குவது அக்குடும்பங்களின் பொது வழக்கமாதலின், வேறு வழியைக் கற்பிப்பதைக் காட்டிலும் இது இயல்பானது. இங்கே கவனிக்கத் தக்கது கர்னலின் பிறப்பாண்டு. அவர் 1775இல், அதாவது ஜேன் பிறந்த அதே ஆண்டில், பிறந்தவர். ஜேனின் தகப்பனாரும் அவர் தகப்பனாரும் சிறிய, பெரிய தகப்பன் மக்கள். சித்திரத்தில் உள்ளவர் யார் என்பதை அவர் ஏட்டில் தேடி அறிய வேண்டிய நிலையில் இருந்தவர் அல்லர். அக்குடும்பத்திலேயே வளர்ந்தவர், ஜேனோடு சமவயதினர்.

இனி, காரணக் கூற்று. ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் இதை ஒரு குடும்ப அலங்காரமாகக் கருதி, ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ முழு விவகாரமும் இந்த ஒரு கூற்றின்மேல் நிற்பதாகத் தோன்றுகிறது. ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நாவலாசிரியையின் நூல்களை அவர் மதித்த காரணத்தால் ஒரு சித்திரத்தைக் கொடுத்தார் என்றால், கொடுத்தவர் அந்தச் சித்திரத்தை அந்த நாவலாசிரியையுடையது என்று நம்பினார் என்பது அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே, ‘இது நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின்’ என்ற அடையாளம் 1880இல் நியூமனிடம் தோன்றியதன்று. காரணக் கூற்று உண்மையாயின், அது கர்னலின் வாய்மொழியே. முதற் கூற்றைத் தனியே எடுத்தால் அது ஒரு முதியவரின் நம்பிக்கை. நான்காம் கூற்றோடு சேர்த்தால், ஜேனோடு ஒத்த பிராயமுள்ள ஒரு பந்துவின் சாட்சியம். இந்த மாறுதலை மறுப்போர் ஒருவரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆகவே விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்றே: காரணக் கூற்று ஞாபகமா, அனுமானமா? அதாவது, நியூமன் தம் சிற்றன்னையார் சொல்லக் கேட்டதை எழுதினாரா, அல்லது வீட்டில் ஜேன் ஆஸ்டின் என்று வழங்கிய ஒரு சித்திரமும், ஆஸ்டினின் நூல்களில் ஆழ்ந்த ஓர் அம்மையாரும் இருக்கக் கண்டு, இரண்டையும் தாமே முடிச்சிட்டு ஒரு காரணத்தைச் சமைத்தாரா? இரண்டாவதற்கும் இடமுண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அனுமானமாக இருந்தாலும், அதற்குமுன் சித்திரம் அவ்வீட்டில் ஜேன் ஆஸ்டின் என்று வழங்கியிருக்க வேண்டுமல்லவா? அந்தப் பெயர் கொடுத்தவரிடமிருந்து வராமல் வேறெங்கிருந்து வந்தது? நியூமன் குடும்பம் ஆஸ்டின் குடும்பத்தோடு இரத்த சம்பந்தம் உடையதன்று. தம் வீட்டில் தொங்கும் யாரோ ஒரு பெண் குழந்தைக்கு அந்தப் பெயரைச் சூட்ட அவர்களுக்குக் காரணம் ஏது? மேலும், நியூமன் இந்தச் செய்தியால் அடையும் இலாபம் எதுவுமில்லை. விற்பதற்காக எழுதவில்லை, தம் உடைமையின் மதிப்பை உயர்த்திக்காட்ட எழுதவில்லை, அதைத் தம் குடும்பத்திலிருந்தே பிரித்து, ஜேனின் உறவினர் ஒருவருக்கு இலவசமாக அனுப்பி வைப்பதற்கு எழுதுகிறார். பொய்க்கோ மிகைக்கோ தூண்டுதல் அற்ற இடத்தில் சொல்லப்படும் சொல்லை ஆப்தவாக்கியமாகக் கொள்வதே நம் தர்க்க நூலாருக்கும் சம்மதம்.

இதற்கு எதிராக நிறுத்தக்கூடிய வலிய ஆக்ஷேபணை ஒன்று உண்டு. அதை மறுப்போரினும் தெளிவாக நானே சொல்லிவிடுகிறேன். ஓவியர் பெயர் பிரசித்தியை நோக்கி மேலேறியது போல, சித்திரத்துச் சிறுமியின் பெயரும் பிரசித்தியை நோக்கி மேலேறியிருக்கலாமன்றோ? ஜேனின் மருமகன் எழுதிய சரிதை 1870ஐ ஒட்டி வெளியான பிறகு அவருடைய கீர்த்தி பெருகிற்று. பத்தாண்டு கழித்து எழுதிய ஒருவர், ‘கென்டு ஆஸ்டின்’ குடும்பத்துப் பெண் ஒருத்தியின் சித்திரத்தை அக்கீர்த்தியின் வெளிச்சத்தில் நோக்கி மயங்கியிருக்கலாம். இது பொருத்தமான ஐயமே. ஆயினும் கர்னல் இந்தச் சித்திரத்தைக் கொடுத்தது அவர் மறைந்த 1859க்கு முந்தியேயாக வேண்டும். அக்காலத்தில் ஜேனின் நாவல்களுக்கு நல்ல வாசகர்கள் இருந்தனர், ஆயினும் அவர் பெயர் பிற்காலத்துப் பெருமையை அடையவில்லை. சொஃபனி என்ற பெயரால் சித்திரத்துக்கு விலை ஏறும். ஜேன் ஆஸ்டின் என்ற பெயரால் 1859க்கு முன் அது ஏறியிராது. அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்த இடம் ஒன்றே: அவர் நூல்களை நேசித்த ஒரு தோழியின் உள்ளம். கடிதமும் அதைத்தான் சொல்கிறது.

ஜேனின் நெருங்கிய பந்துக்கள் இந்தச் சித்திரத்தை அறியாதிருந்தனர் என்ற ஆக்ஷேபணை அடிக்கடி பெரிதாகப் பேசப்படுவதுண்டு. சரிதை எழுதிய மருமகன் தம் நூலுக்குப் படம் தேடியபோது, ஜேனின் தமக்கை காசாண்ட்ரா வரைந்த சிறு கோட்டுச் சித்திரத்தை வேறொருவரைக் கொண்டு மெருகிட்டு அச்சிட்டாரேயன்றி இதை நாடவில்லை. ஆனால் அவர் ஹாம்ஷியர் கிளையைச் சார்ந்தவர். சித்திரமோ கென்ட் கிளையில் பிறந்து, அவர் தேடிய காலத்தில் எசெக்ஸில் அந்நியர் வீட்டுச் சுவரில் இருந்தது. அறியாதிருந்தது அதிசயமன்று. சித்திரம் வெளிவருவதற்குள் அவரும், அவர் சகோதரிகள் இருவரும், ஜேனின் பிரியமான மருமகள் ஃபான்னியும் காலமாகிவிட்டனர். சிறுவயது ஜேனைக் கண்ட எவரும் 1884இல் ஜீவியவந்தர் அல்லர். அந்த மௌனத்தைச் சாட்சியமாக்குவது வீண்.

இதைக் காட்டிலும் கவனத்துக்குரிய ஓர் ஐயத்தை மறுப்போரே முழுமையாக விரித்துரைக்கவில்லை. கர்னல் தாமஸுக்கு ஒரு தங்கை உண்டு. அவள் பெயரும் ஜேன் ஆஸ்டின். 1776இல் பிறந்தவள், 1797இல் சசெக்ஸில் டானி என்னும் மாளிகையின் வில்லியம் காம்பியனை மணந்தாள். 1788இல் அவளுக்கும் ஏறக்குறைய அதே பிராயம். தொண்ணூறு வயதுப் பிரான்சிஸ் ஒரு சிறுமியைச் சித்திரம் எழுதுவிக்க விரும்பியிருந்தால், கோடைக்கு விருந்தாக வந்த தம்பி பேத்தியை விட, சொந்தப் பேத்தியை எழுதுவித்திருப்பார் என்பதே உலக இயற்கை. சித்திரத்தின் பின்னோ முன்னோ ஜேன் ஆஸ்டின் என்ற பெயர் எழுதப்பட்டிருந்தால்கூட அது இருவருக்கும் பொருந்தும். கென்டில் ஒரு ஜேன், ஹாம்ஷியரில் ஒரு ஜேன். பெயரொற்றுமையால் மயங்குவதற்கு இதனினும் இசைவான சூழ்நிலை வேண்டுவதில்லை.

நெடுநாள் இந்த ஐயத்தை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. இப்போது தள்ளுவதற்குக் காரணம் கர்னலே. நியூமன் மயங்கலாம், நியூமனின் சிற்றன்னையார் மயங்கலாம், கர்னல் மயங்க முடியாது. தன்னைவிட ஓராண்டே இளையவளாய், ஒரே வீட்டில் உடன் வளர்ந்த தங்கையின் பன்னிரண்டாம் பிராயத்து முகத்தை, குடும்பத்திலேயே இருந்த சித்திரத்தில், ஒரு சகோதரன் வேறொருத்தியுடையதென்று கருதினான் என்பது நம்பத்தக்கதன்று. அந்தத் தங்கை 1857 வரை, தமையன் மறைவதற்கு இரண்டாண்டு முன்வரை, உயிரோடிருந்தாள்; அவளுக்குக் கணவனும் மக்களும் மாளிகையும் இருந்தன. உயிரோடிருக்கும் உடன்பிறந்தாளின் முழு உருவச் சித்திரத்தை, அவள் குடும்பத்துக்குக் கொடாமல், இரத்த உறவற்ற ஒரு தோழிக்கு, அதுவும் வேறொருத்தியின் நூல்களை அத்தோழி மெச்சிய காரணத்தால் ஒரு கனவான் கொடுத்தார் என்று சொல்வோர், அவரைப் பொய்யர் என்றோ பித்தர் என்றோ ஸ்தாபிக்கக் கடமைப்பட்டவர்கள். எனவே பெயரொற்றுமை கடிதத்தின் வலிமையைக் குறைக்கவில்லை. காரணக் கூற்றை நாம் எவ்வளவு அதிகமாகச் சார்ந்திருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டுகிறது. அக்கூற்று இல்லையேல், சித்திரம் தங்கைக்கே போகும்.

மறுப்போர் தாமாக முன்வைக்கும் சிறுமி வேறு: அந்தத் தங்கையின் மகள் மேரி ஆன் காம்பியன். சித்திரத்தை 1805ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுபோனால் பொருந்தும் பருவத்தில் குடும்பத்தில் இருந்தவள் அவளே என்பது காரணம். இங்கும் கொடை பற்றிய மேற்கண்ட தடை அப்படியே நிற்கிறது. மருமகளின் சித்திரத்தை மாமன் பிறர்க்களித்தது ஏன் என்பதற்கு விடையில்லை. அதோடு காலக் கணக்கும் இடறுகிறது. மறுப்போரின் முதன்மையான பிரமாணம் துணியின் பின்புறம் இருந்த ஒரு முத்திரை. அதில் ஹை ஹோபர்ன் வீதி வில்லியம் லெக் என்ற வியாபாரியின் பெயர் காணப்படுகிறது. அவர் அவ்விலாசத்தில் வாணிகம் செய்தது 1801க்கும் 1806க்கும் இடைப்பட்ட காலம் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோர் 1797இல் மணந்தனர் என்றால், 1806இல் அந்தப் பெண் எட்டுப் பிராயத்தைத் தாண்டியிருப்பாளா? சித்திரத்தில் வெண்மஸ்லின் அணிந்து, பச்சைக் குடையைக் கையிலேந்தி, திறந்தவெளியில் அடியெடுத்து வைக்கும் சிறுமி எட்டு வயதுக் குழந்தை அல்லள். யௌவனத்தின் வாயிலில் நிற்பவள். துணியை வாங்கி வைத்துப் பிற்பாடு தீட்டலாமே என்பர். தீட்டலாம். ஆனால் அங்ஙனம் கூறுவோர், முத்திரை சித்திரத்தின் காலத்தை ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வரையறுத்துவிட்டது என்ற தம் பெருமிதத்தை அதே வாக்கியத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த முத்திரையே இவ்விவகாரத்தில் எனக்கு உண்மையான இடர் தருவது. ஆகையால் அதை இன்னும் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். முத்திரை மெய்யாக இருந்தது. அதன் நிழற்படம் உண்டு. ஆனால் சித்திரத்தின் பின்புறம் பிற்காலத்தில் வேறு துணி கொண்டு உறையிடப்பட்டுவிட்டதால், இன்று அதை நேரில் கண்டு, துணியின் இழையோடும் மையோடும் ஒப்பிட்டுப் பரிசோதிக்க இயலாது. நிழற்படம் முத்திரையின் எழுத்தைக் காட்டும். அது ஆதித் துணியின்மேல் இருந்ததா, இடையில் யாரோ பாதுகாப்புக்காக ஒட்டிய துணியின்மேல் இருந்ததா என்பதைத் தானே தீர்க்காது. வியாபாரியின் காலமோ, அவர் பெயர் வர்த்தகர் பெயர்ப்பட்டியல்களில் காணப்படும் ஆண்டுகளிலிருந்து பெறப்பட்டது. பட்டியலில் ஒருவர் பெயர் காணாத ஆண்டில் அவர் வாணிகம் செய்யவில்லை என்பது எப்போதும் உண்மையாவதில்லை; சிறு வணிகர்கள் பட்டியலில் இடம்பெறாமலே பல்லாண்டு கடைவைத்திருந்தமை லண்டன் வாணிக சரித்திரம் அறிந்தோர்க்குப் புதிதன்று. இவ்வளவும் சொல்லியும், முத்திரையை நான் தள்ளிவிட்டேன் என்று சொல்ல முடியாது. பதின்மூன்று ஆண்டு இடைவெளி சிறியதன்று. எதிர்காலத்தில் மேலுறைத் துணி நீக்கப்பட்டு, ஆதித் துணியிலேயே அம்முத்திரை இருக்கக் கண்டு, லெக்கின் வாணிகம் 1801க்குமுன் இல்லை என்பதும் சுதந்திரமான ஆதாரத்தால் நிலைநாட்டப்படுமாயின், என் முடிவு விழும்; அப்போது கர்னலின் கொடைக்கு வேறு விளக்கம் காண வேண்டிய பொறுப்பு எல்லோருக்கும் பொதுவாகும்.

ஆடை பற்றிய வாதத்துக்கு இத்துணை இடம் தர வேண்டியதில்லை. மார்புக்குக் கீழே உயர்ந்து கட்டிய இடையும் குட்டைக் கைகளும் கத்தரித்த கூந்தலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கே உரியவை என்பர். வளர்ந்த மாதர் விஷயத்தில் அது உண்மை. ஆனால் சிறுமியர் வெள்ளை மஸ்லின் அங்கியும் இடையில் பட்டுக் கச்சையும் அணிவது 1780களிலேயே இங்கிலாந்தில் பரவிவிட்டது. தாய்மார் பின்னர் மேற்கொண்ட நாகரிகம் முதலில் குழந்தைகளிடம் தோன்றியது. சித்திரத்துப் பெண்ணை மாதாக எண்ணி ஆடையை அளப்போருக்கே இது இடறலாகும்.

இறுதியாக ஒரு புதிய சான்று. 1910 அளவில் அச்சுக்கலை வல்லுநர் எமரி வாக்கர் எடுத்த நிழற்படங்களில், பிற்காலச் செப்பனிடுதலால் மறைந்துபோன மேல்மூலையில், ஜேன் ஆஸ்டின் என்ற பெயரும் ஓசியஸ் ஹம்ஃப்ரி என்ற ஓவியரின் பெயரும் தெரிவதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. நிழற்படத்தைப் பெரிதாக்கியும் தெளிவித்தும் படிக்கும் முறையில் கண் காண விரும்புவதையே காணும் அபாயம் உண்டென்று பலர் எச்சரித்திருக்கின்றனர். அந்த எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். ஜேனின் பெயர் தெரிவதால் பயனில்லை. அதை எவரும் எக்காலத்திலும் எழுதியிருக்கலாம், மேலே சொன்ன தங்கைக்கும் அது பொருந்தும். ஆனால் ஹம்ஃப்ரியின் பெயர் வேறு வகையானது. 1880 முதல் சித்திரத்தைப் பற்றிப் பேசியவரும் எழுதியவரும் சொஃபனி என்றே சொன்னார்கள். அக்காலத்தில் ஒருவர் பெயரைப் பொய்யாகவோ நல்லெண்ணத்தோடோ எழுதியிருந்தால் சொஃபனி என்றே எழுதியிருப்பார். ஒருவரும் எதிர்பாராத, ஒருவருக்கும் லாபமில்லாத பெயர் அங்கே இருக்குமாயின், அது சொஃபனி மரபுக்கு முற்பட்டதாதல் வேண்டும். அந்தப் பெயர் கென்டுக்கும் அந்நியமன்று: முதிய பிரான்சிஸின் உருவத்தைத் தீட்டியவர் ஹம்ஃப்ரி, செவனோக்ஸை அடுத்த நோல் மாளிகையின் டார்செட் பிரபு அவருக்குப் போஷகர், அப்பிரபு குடும்பத்தின் காரியங்களைக் கவனித்த வக்கீல் பிரான்சிஸ். ஹம்ஃப்ரியும் சொஃபனியைப் போலவே இந்தியாவுக்கு வந்தவர். ஆனால் 1787இலேயே திரும்பப் புறப்பட்டுவிட்டவர். ஜேன் தன் பெற்றோருடனும் தமக்கையுடனும் பெரிய பாட்டனாரைக் காணச் சென்றது 1788ஆம் ஆண்டுக் கோடையில். அவ்வாண்டு ஜூலையில் உறவுப்பெண் ஃபைலா வால்டர் தன் சகோதரனுக்கு ஜேனைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதிய கடிதத்தால் அந்தச் சந்திப்பு ஐயமற விளங்குகிறது.

அதோடு, 1797இல் ஹம்ஃப்ரியின் பார்வை பறிபோயிற்று. ஆதலால் சித்திரம் அவருடையது என்றால் முத்திரையின் காலம் பொய். முத்திரையின் காலம் மெய் என்றால் அவர் பெயர் பொய். இரண்டையும் இணைத்துச் சமாதானம் காணும் நடுவழி கிடையாது. நிழற்படத்தின் மூலத் தகடுகளை, சித்திரத்தின் உடைமையோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாதவர்கள், இரு சாராரும் சம்மதிக்கும் முறையில் மறுபடியும் படிப்பது இவ்வாராய்ச்சியின் அடுத்த கடமை.

2007இல் நியூயார்க்கில் இச்சித்திரம் ஏலத்துக்கு வந்தபோது நான்கு லட்சம் முதல் எட்டு லட்சம் டாலர் வரை மதிப்பிடப்பட்டும் வாங்குவாரின்றித் திரும்பியது. அதை மறுப்பின் வெற்றியாகச் சிலர் எடுத்துக்கூறுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. ஏலத்தில் கை உயராததால் பாத்தியதை வரலாறு பொய்யாகிவிடாது. ஆயினும் சித்திரத்தைப் பட்டியலிடும் எவரும் இப்போதைக்குப் பின்வருமாறு எழுதலாமென்பது என் துணிபு: ஓவியர், ஓசியஸ் ஹம்ஃப்ரி ஆகலாம், காலம், முத்திரை பற்றிய விசாரணை முடியும்வரை 1788 அளவென்று கொள்ளத்தக்கது, பூர்வ உடைமை, கிப்பிங்டன் கர்னல் தாமஸ் ஆஸ்டின், அவர்வழி நியூமன் குடும்பம், 1882க்குப் பின் ரைஸ் குடும்பம், சித்திரத்தில் உள்ளவர், முதல் உடைமையாளரின் கூற்றுப்படி, அவருடைய உறவுமுறைத் தங்கை ஜேன் ஆஸ்டின். ‘உடைமையாளரின் கூற்றுப்படி’ என்ற சொற்றொடரை எவரேனும் நீக்க முன்வந்தால், ‘இன்னார் என்று ஐயுறப்படுபவர்’ என்று எழுதிப் பழகியவர்கள் முதலில் கர்னலின் கொடைக்குத் தம் விளக்கத்தைத் தரட்டும்.